வீட்டில்: ஒன்று

மார்ச் முப்பத்தொன்று, ராத்திரி.
எழுமலை ஆரம்ப சுகாதார நிலையத்தில்
நானும் டியூப்லைட் பல்லியும்
வருஷக் கணக்கை முடிக்கிறோம்.

மருத்துவமனையில் பிரசவம்: இருநூற்றுப் பதினொன்று.
வீட்டில்: ஒன்று.
அந்த ஒன்றுக்கு விளக்கம் கேட்டு
மதுரையிலிருந்து மூன்று போன் வந்துவிட்டது.

செலவுக் கட்டம் நிரப்புவது என் வேலை.
பிரசவம் ஒன்றுக்குக் கையுறை இத்தனை ஜோடி,
தையல் நூல், ஊசி, பஞ்சு,
மூன்று நாள் சாப்பாடு, அதில் முட்டை,
தாயையும் பிள்ளையையும் வீட்டில் இறக்க டீசல்.
கூட்டித் தலைக்கு வகுத்து
பைசாவை ரூபாயாக்கிவிட்டால் முடிந்தது.

பவளக்கொடிக்கு நேரே என்ன போட?
சுடுதண்ணீர் அவள் வீட்டு விறகில் காய்ந்தது.
கொடி அறுத்தவன் அவள் புருஷன் காசிமாயன்.
கொதிக்கவைத்த புது பிளேடு,
அவன் காசு.
அரசுக்குச் செலவு: பூஜ்யம்.

விடியற்காலை நாலரைக்கு ரத்தம் நிற்கவில்லை.
நூற்றெட்டு வந்தது.
உசிலம்பட்டியில் பார்த்துவிட்டு மேலே அனுப்பினார்கள்,
செக்கானூரணி ரோட்டில் சைரனோடு
பெரியாஸ்பத்திரிக்கு.
ஆறு பாட்டில் ரத்தம். ஐசியுவில் நான்கு நாள்.
அதெல்லாம் அங்கே யாரோ எழுதும் கணக்கு,
என் தாளுக்கு வராது.
என் தாளில் பவளக்கொடிதான்
இந்த வருஷத்தின் மலிவான பிரசவம்.

விசாரிக்க நர்ஸ் லூர்துமேரி போனபோது
படிவத்தோடு நானும் போனேன்.
அறியாமை, தூரம், வாகனமின்மை, மூடநம்பிக்கை, பிற.
ஏதாவது ஒன்றில் டிக்.

வெளுத்துப்போன விரல்களால்
முருங்கைக்கீரை உருவிக்கொண்டே சொன்னாள்:
"தூரமெல்லாம் இல்லக்கா, ஏழு நிமிசம் நடை.
மொதப் பிள்ளைக்கு டவுனாஸ்பத்திரிக்குத்தான போனேன்.
கத்துறேன்னு தொடையில அறஞ்சாக.
அப்ப இனிச்சுச்சான்னு கேட்டாக.
பிள்ளையத் தொடச்சுக் குடுக்க ஐநூறு கேட்டாக.
பொட்டப்பிள்ளைன்னு தெரியவும்
பாவம்னு முந்நூறாக் கொறச்சாக.
அந்தக் கொறச்சது இருக்கு பாருங்க..."
கீரைக்காம்பை ஒடித்தாள்.
மிச்சத்தைச் சொல்லவில்லை.

லூர்துமேரி தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
ரத்தம் நிற்காமல் செத்திருப்பியே என்று
திட்டத்தான் வந்திருந்தாள்.
திட்டவும் செய்தாள், திரும்பி வரும் வழியில்,
யாரை என்று தெரியாமல்.

நான் பெற்றது திருமங்கலத்தில், தனியாரில்.
எண்பத்தேழாயிரம்; சங்கிலி இன்னும் அடகில்.
சனிக்கிழமை டாக்டர் வீட்டில் கல்யாணம்,
வெள்ளிக்கிழமையே வயிற்றைத் திறந்துவிட்டார்கள்.
அரசாங்கக் கட்டில்களை எண்ணி எழுதுகிற நான்
அதில் ஒன்றில்கூடப் படுக்கவில்லை.
ஏன் என்று கேட்க
யாரும் படிவம் தூக்கிக்கொண்டு வரவில்லை.

பிற என்ற கட்டத்துக்குப் பக்கத்தில்
மூன்று வார்த்தை எழுத இடம் உண்டு.
ஓர் அறைக்கு என்ன விலை போடுவது,
அதை எந்தத் தலைப்பில் கொண்டுபோவது,
போன வருஷ நிலுவையிலா, இந்த வருஷச் செலவிலா?
கால்குலேட்டர் தானாக அணைந்துவிடுகிறது.

நாலாவது போன். "பிறன்னா என்னம்மா?"
விளக்கிக்கொண்டிருக்கும்போது
வாசலில் ஆட்டோ வந்து நிற்கிறது.
கதவு, சக்கர நாற்காலியின் கிறீச், ஒரு பெண்ணின் ஓலம்.
பின்னாலேயே லூர்துமேரியின் குரல்:
"கத்து தாயி, நல்லாக் கத்து, நான் இங்கனதான் இருக்கேன்."

போனில் கேட்டிருக்க வேண்டும்.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை.

மணி பதினொன்று நாற்பது.
பன்னிரண்டுக்குள் வந்தால் இந்த வருஷம்,
தாண்டினால் அடுத்தது.
கையுறை ஒரு ஜோடி எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து
கூட்டுத்தொகையைப்
பென்சிலில் போட்டு வைக்கிறேன்.